பழைய ரி.வி.க்குப் புதிய மூளை

ஊரை விட்டு ஒருமுறையாவது வெளிக்கிட்டவர்களுக்கு ஒரு கணக்குத் தெரியும். பாரமான பொருள் பின்னுக்கு நிற்கும். மடியில் கட்டக்கூடியதே கூட வரும். தொலைக்காட்சிப் பெட்டி எப்போதும் பின்னுக்கு நிற்கும் பொருள்களில் ஒன்று. மீண்டும் ஓரிடத்தில் கால் ஊன்றியதும் பிள்ளைகள் கேட்கும் பொருள்களிலும் அது ஒன்று.

கடைக்குப் போனால் 'ஸ்மார்ட் ரி.வி.' என்கிறார்கள். இணையத்தோடு சேர்ந்து இயங்கும், யூரியூப் காட்டும், கேட்ட படத்தைக் கேட்ட நேரத்தில் போடும் என்கிறார்கள். கையில் காசு இல்லாவிட்டால் தவணைக்குத் தரவும் ஆயத்தமாக இருக்கிறார்கள். விளைச்சலை நம்பித் தவணை கட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை விவசாயிக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் யாரோ தந்த பழைய பெட்டி ஒன்று வீட்டிலோ சனசமூக நிலையத்திலோ இருக்குமானால், அதை எறிந்துவிட்டுப் புதியது வாங்கத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை என்பதைச் செய்துபார்த்தே அறிந்துகொண்டோம். அதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

ஸ்மார்ட் என்பது என்ன?

ஸ்மார்ட் ரி.வி. ஒன்றினுள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று திரை. மற்றது ஒரு சிறிய கணனி. திரை பல வருடங்கள் உழைக்கும். கணனியோ விரைவில் பழையதாகிவிடும். தயாரித்த கொம்பனி சில வருடங்களில் அதன் மென்பொருளைப் புதுப்பிப்பதை நிறுத்திவிடும். அதன்பின் திரை நன்றாக இருந்தாலும் செயலிகள் ஒவ்வொன்றாக வேலை செய்யாமல் போகும்.

மண்வெட்டியின் பிடி உடைந்தால் நாம் பிடியைத்தான் மாற்றுகிறோம். இரும்பை எறிவதில்லை. ரி.வி.யிலும் அதையே செய்யலாம். திரையை வைத்துக்கொண்டு, கணனியை மட்டும் வெளியிலிருந்து பூட்டலாம்.

கேம்பிரிட்ஜில் பிறந்த அட்டை

அப்படிப் பூட்டக்கூடிய கணனிகளில் பலரும் அறிந்தது 'ராஸ்பெரி பை'. பிரித்தானியாவின் கேம்பிரிட்ஜ் நகரில் எபென் அப்டன் என்பவரும் அவருடைய தோழர்களும் இதை உருவாக்கினார்கள். கணனி விஞ்ஞானம் படிக்க வரும் மாணவர்கள் குறைந்துகொண்டு போவதையும், வருபவர்களும் நிரல் எழுதிப் பழகாமல் வருவதையும் கண்டு கவலைப்பட்டவர்கள் அவர்கள். வீட்டில் பிள்ளைகள் பயமின்றிக் கழற்றிப் பூட்டிப் பழக மலிவான கணனி வேண்டும் என்பதே அவர்களது நோக்கம். 2012 பெப்ரவரி 29ஆம் திகதி அது விற்பனைக்கு வந்தது. அப்போது அதன் விலை 35 அமெரிக்க டொலர். 2024ஆம் ஆண்டளவில் 6 கோடிக்கும் அதிகமானவை விற்கப்பட்டிருந்தன.

இதன் எல்லா உறுப்புகளும் ஒரே அட்டையில் அமைந்திருக்கின்றன. வங்கி அட்டையின் அளவுதான். சட்டைப் பைக்குள் அடங்கும். பிள்ளைகளுக்காகச் செய்த இந்த அட்டையைத்தான் உலகெங்கும் பலர் ரி.வி.யின் பின்னால் பூட்டிவிட்டார்கள். அதற்குத் துணையாக வந்தது 'கோடி' என்னும் இலவச மென்பொருள். எக்ஸ்பொக்ஸ் என்ற விளையாட்டுப் பெட்டிக்காக ஆர்வலர்கள் எழுதிய இது, 2014இல் இப்பெயரைப் பெற்றது.

தேவையான சாமான்கள்

ராஸ்பெரி பை 4 அட்டை ஒன்று போதும். 2 ஜிகாபைற் நினைவகம் உள்ளதே தாராளம். பாவித்த பை 3 மலிவாகக் கிடைத்தால் அதுவும் நல்லது. அதனோடு 16 ஜிகாபைற் மைக்ரோ எஸ்.டி. அட்டை ஒன்று, 5 வோல்ற் 3 அம்பியர் மின்வழங்கி ஒன்று, எச்.டி.எம்.ஐ. வயர் ஒன்று வேண்டும்.

வயரில் கவனம் தேவை. பை 4இல் இருப்பது மைக்ரோ எச்.டி.எம்.ஐ. துவாரம். நாம் முதலில் மினி என்ற வேறு அளவை வாங்கிவந்து, மறுநாள் திரும்பவும் பஸ் ஏறினோம். வயரின் விலையிலும் பஸ் காசு கூடிப்போயிற்று.

மின்வழங்கியிலும் மிச்சம் பிடிக்க வேண்டாம். பழைய போன் சாஜரைப் பூட்டினால் திரையின் மூலையில் மின்னல் குறி ஒன்று தோன்றும். மின்னழுத்தம் போதவில்லை என்பதே அதன் பொருள். ரி.வி.யின் யூ.எஸ்.பி. துவாரத்திலிருந்து மின்சாரம் எடுப்பதும் போதாது. எஸ்.டி. அட்டைகளில் போலிகள் அதிகம். எழுதியிருக்கும் அளவு உள்ளே இராது. நம்பிக்கையான கடையில் வாங்குங்கள்.

செய்யும் முறை

1. இணையம் உள்ள கணனி ஒன்றில் 'ராஸ்பெரி பை இமேஜர்' என்ற இலவச மென்பொருளை இறக்குங்கள். பாடசாலையிலோ நிலையத்திலோ உள்ள கணனி போதும்.

2. எஸ்.டி. அட்டையை அதில் செருகி, 'லிப்ரெஎலெக்' என்பதைத் தெரிந்து எழுதுங்கள். கோடியை மட்டும் இயக்குவதற்கென்றே அமைந்த சிறிய இயங்குதளம் இது. அட்டையில் முன்பு இருந்த யாவும் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

3. அட்டையைப் பையில் செருகி, எச்.டி.எம்.ஐ. வயரைப் பூட்டுங்கள். பை 4இல் இரண்டு துவாரங்கள் உண்டு. மின்சாரத் துவாரத்துக்குக் கிட்டவுள்ளதில் பூட்ட வேண்டும்.

4. முதலில் ரி.வி.யையும் பின்னர் பையையும் இயக்குங்கள். முதன்முறை அது தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டு ஒருமுறை நின்று எழும்பும். பயப்பட வேண்டாம்.

5. மொழியைத் தமிழாக மாற்றலாம். ஆனால் முதலில் எழுத்துருவை ஏரியல் வகைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் எழுத்துகளுக்குப் பதிலாக வெறும் கட்டங்கள் தெரியக்கூடும்.

தனியான றிமோட் தேவைப்படாது. பல ரி.வி.களின் சொந்த றிமோட்டே எச்.டி.எம்.ஐ. வயர் வழியாகப் பையையும் இயக்கும். ரி.வி.யின் அமைப்புகளில் இதைத் திறந்துவிட வேண்டும். சம்சுங் இதை 'எனிநெற்' என்றும், எல்.ஜி. 'சிம்ப்லிங்க்' என்றும் அழைக்கின்றன.

எச்.டி.எம்.ஐ. இல்லாத பெட்டி

முதுகு பருத்த பழைய பெட்டிகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துவாரங்கள் இருக்கும். பை 3, பை 4 ஆகியவற்றில் உள்ள ஒலித் துவாரத்திலிருந்தே இவற்றுக்குப் படமும் எடுக்கலாம். ஆனால் இந்த வழி தானாகத் திறக்காது; அட்டையிலுள்ள அமைப்புக் கோப்பில் மாற்றம் செய்ய வேண்டும். விடயம் தெரிந்த இளைஞர் ஒருவரின் உதவியோடு செய்வது நல்லது. இதற்கான வயர்களும் எல்லாம் ஒன்றல்ல. கமெராவுக்கென விற்கும் வயரில் இணைப்புகள் இடம் மாறியிருக்கலாம். படம் தெளிவாக இருந்தாலும் சிறிய எழுத்துகளை வாசிப்பது கடினம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். இவ்வகைப் பெட்டிகளின் பின்மூடியைக் கழற்றாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் உள்ளே உயிராபத்தான மின்னழுத்தம் தங்கி நிற்கக்கூடும்.

மின்சாரம்

பை 4 ஏறத்தாழ 3 முதல் 6 வாற்று வரை எடுக்கும். 32 அங்குல எல்.ஈ.டி. ரி.வி. ஒன்று 30 முதல் 50 வாற்று வரை எடுக்கும். ஆகவே செலவு திரையில்தான். சூரிய மின்கலத்தோடு 12 வோல்ற் பற்றரி வைத்திருப்பவர்கள் பையை அதிலும் இயக்கலாம். ஆனால் 12 வோல்ற்றை நேரே கொடுத்தால் அட்டை எரிந்துவிடும். இடையில் 5 வோல்ற்றுக்குக் குறைக்கும் கருவி கட்டாயம்.

திடீரென மின்சாரம் நின்றால் எஸ்.டி. அட்டையில் உள்ளவை பழுதாகலாம். எமக்கும் அது நேர்ந்தது. பார்த்து முடிந்ததும் பட்டியலில் நிறுத்தும் கட்டளையைக் கொடுத்து, பச்சை விளக்கு ஓய்ந்த பின்னரே பிளக்கைக் கழற்றுங்கள். எழுதிய அட்டையின் பிரதி ஒன்றையும் எடுத்து வைத்திருங்கள்.

யாரை வீட்டுக்குள் விடுகிறோம்?

"இவ்வளவு கரைச்சல் ஏன்? சந்தையில் மலிவான அன்ட்ரொயிட் பெட்டி வாங்கலாமே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2025 ஜூனில் அமெரிக்காவின் எவ்.பி.ஐ. அமைப்பு, ரி.வி. பெட்டிகள் உள்ளிட்ட மலிவுக் கருவிகள் சிலவற்றில் தீய மென்பொருள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கிறது என எச்சரித்தது. 'பாட்பொக்ஸ் 2.0' எனப்பட்ட அந்த வலையில் ஒரு கோடிக்கும் அதிகமான கருவிகள் சிக்கியிருந்ததாகக் கூகுள் கொம்பனி அதே ஆண்டு ஜூலையில் தொடுத்த வழக்கில் கூறியது. அத்தகைய பெட்டி உங்கள் இணைய இணைப்பைப் பிறருக்குக் களவாக வாடகைக்கு விடும். அவர்கள் செய்யும் குற்றம் உங்கள் வீட்டு விலாசத்தில் பதியும்.

பெயர்பெற்ற கொம்பனிகளும் குற்றமற்றவை அல்ல. விசியோ என்ற அமெரிக்கக் கொம்பனி, 1 கோடி 10 இலட்சம் ரி.வி.களில் மக்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதை அவர்களிடம் சம்மதம் பெறாமல் திரட்டியது என்ற குற்றச்சாட்டில், 2017இல் 22 இலட்சம் டொலர் கட்ட உடன்பட்டது. நாம் ரி.வி.யைப் பார்க்க, ரி.வி. நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ராஸ்பெரி பையில் என்ன மென்பொருளை ஏற்றுவது என்பதை நாமே தீர்மானிக்கிறோம். ஆயினும் இங்கும் அவதானம் வேண்டும். கோடி தானாக எந்தப் படத்தையும் தருவதில்லை. களவாகப் படம் காட்டும் துணைநிரல்களைப் பலர் பரப்புகிறார்கள். அவற்றை ஏற்றினால் மூடிய கதவை நாமே திறந்துவிட்டவர்கள் ஆவோம்.

எதற்காக இது?

எல்லோருக்கும் இது தேவை என்று சொல்லமாட்டோம். உங்கள் ரி.வி.யில் யூ.எஸ்.பி. துவாரம் இருந்து, சேமித்த படங்களைப் பார்ப்பது மட்டுமே நோக்கமானால், ஒரு பென்டிரைவ் போதும். நெற்பிளிக்ஸ் போன்ற கட்டணச் சேவைகள்தான் வேண்டுமென்றால், அவை பையில் இலகுவாக இயங்கமாட்டா. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் அல்லவா?

பையின் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. எஸ்.டி. அட்டையை மாற்றினால் அதன் தொழிலே மாறிவிடும். ஓர் அட்டையில் படங்கள். மற்றோர் அட்டையில் ராஸ்பெரி பையின் சொந்த இயங்குதளத்தை எழுதி, விசைப்பலகையும் மவுசும் பூட்டினால், அதே ரி.வி. முழுமையான கணனி ஆகிவிடும். பிள்ளைகள் அதில் கடிதம் எழுதலாம், கணக்குப் பதியலாம், ஸ்கிராட்ச் மூலம் நிரல் எழுதிப் பழகலாம். 'கிவிக்ஸ்' என்ற இலவச மென்பொருளையும் ஏற்றினால், ஒருமுறை இறக்கிவைத்த தமிழ் விக்கிப்பீடியாவை இணையமே இல்லாமல் வாசிக்கலாம். டேற்றாவுக்குக் காசு போட முடியாத வீட்டில் இது பெரிய காரியம்.

ஒரு குடும்பத்தால் வாங்க முடியாவிட்டால், ஐந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கி நிலையத்தில் வைக்கலாம். யார் பொறுப்பு, எந்த நேரம் பிள்ளைகளின் படிப்புக்கு, எந்த நேரம் பெரியவர்களின் படத்துக்கு என்பதை முதல் நாளே கூடிப் பேசி எழுதிவைப்பது நல்லது. பொதுப் பொருள்கள் பெரும்பாலும் பழுதினால் அழிவதில்லை, பிணக்கினால் அழிகின்றன.

திரை நின்ற இடத்திலேயே நிற்கட்டும். நாளை ஒருவேளை இடம் மாற நேர்ந்தால், பிள்ளைகள் எழுதியவையும் சேர்த்தவையும் ஒரு விரல் நகத்தளவு அட்டையில் உங்களோடு வரும். போன இடத்தில் ஏதோவொரு பழைய பெட்டி கிடைத்தால் போதும். விட்ட இடத்திலிருந்து அவர்கள் தொடங்கலாம்.