தாளிப்பு அடங்கிய பிறகு: எக்ஸ் ஜப்பான் வளர்ந்த கதை

ஒரு ராக் இசைக்குழு எப்படி மேலே வருகிறது? வந்தபின் அதன் தோற்றம் ஏன் மாறுகிறது? அடுப்படிக்கு வாருங்கள், எளிதாகப் புரிந்துவிடும். ஜப்பானின் எக்ஸ் ஜப்பான் குழுவையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சிபா மாநிலத்தின் ததேயாமாவைச் சேர்ந்த யோஷிகியும் தோஷியும் சின்னஞ்சிறு வயது நண்பர்கள். 1982இல் 'எக்ஸ்' என்ற பெயரில் குழுவைத் தொடங்கினார்கள். தோஷி பாடுவார். யோஷிகி டிரம்ஸ் அடிப்பார். சிறுவயதில் கற்ற பியானோவும் வாசிப்பார். அதனால் இவர்கள் இசையில் இடி முழங்கும், சட்டென்று தாலாட்டும் வரும். காரமும் புளியும் தூக்கலான குழம்பில் ஒரு துண்டு வெல்லம் போடுவோமே, அந்த ருசி.

அடுத்தது அடுப்பு. 1986இல் யோஷிகி 'எக்ஸ்டசி ரெக்கார்ட்ஸ்' என்று சொந்த நிறுவனம் தொடங்கினார். 1988இல் முதல் ஆல்பம் அதிலிருந்தே வந்தது. வீட்டுத் திண்ணையில் அடுப்பு மூட்டி இட்லி விற்பது போன்ற வேலை இது. ருசி ஊருக்குத் தெரிந்ததும் பெரிய கடை கதவைத் திறந்தது. 1989இல் 'ப்ளூ பிளட்' ஆல்பம் சிபிஎஸ் சோனி வழியாக வெளிவந்தது.

இப்போது தாளிப்பு. வானைக் குத்தும் தலைமுடி, முகம் நிறைய ஒப்பனை, கிதார் கலைஞர் ஹிடேயின் இளஞ்சிவப்புக் கூந்தல். கடுகு வெடிக்கும் வாசம் தெருமுனை வரை போய் ஆளை இழுக்கும் அல்லவா? அதைத்தான் இந்தக் கோலம் செய்தது. 'ப்ளூ பிளட்' அட்டையில் இருந்த முழக்கத்தில் 'விஷுவல் ஷாக்' என்ற சொற்கள் உண்டு. ஒப்பனையும் ராக்கும் கலந்த 'விஷுவல் கெய்' பாணியின் பெயர் அதிலிருந்து பிறந்ததாகச் சொல்வார்கள்.

கடுகு வெடிப்பது சில நொடிதான். பிறகு தீயைக் குறைத்துக் கொதிக்கவிட வேண்டும். 1992இல் உலக மேடையை எண்ணிப் பெயரை 'எக்ஸ் ஜப்பான்' என்று மாற்றினார்கள். அமெரிக்காவில் ஏற்கெனவே ஓர் 'எக்ஸ்' குழு இருந்தது. 1993இல் வந்த 'ஆர்ட் ஆஃப் லைஃப்' ஒரே பாட்டு, 29 நிமிடம். இத்தனை நேரம் உட்கார்ந்து கேட்பவருக்கு வாசம் காட்டி அழைப்பு எதற்கு? அதனால் முடி மெல்லத் தணிந்தது, ஒப்பனையும் குறைந்தது.

பிறகு அடுப்பு அணைந்தது. 1997 டிசம்பர் 31இல் டோக்கியோ டோமில் கடைசி நிகழ்ச்சி. 1998 மே 2இல் ஹிடே இறந்தார். இதற்குச் சமையலறையில் உவமை தேட எனக்கு மனம் வரவில்லை.

2007இல் மீண்டும் கூடி, 2008இல் அதே டோமில் வாசித்தார்கள். 2014இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனும் பார்த்தாயிற்று. பத்து ஆண்டு ஆறிக் கிடந்ததை மறுபடி சூடாக்கினார்கள். சுண்டக்குழம்பு போல ருசி இறுகியிருந்தது. தாளித்த வாசம் முதல் நாளோடு போய்விடும். மறுநாளும் தட்டோடு வந்து நிற்பவர்கள் சட்டிக்குள் இருப்பதற்காக வருகிறவர்கள்.