மாமன் மடியும் மருமகளின் செவியும்

போடிநாயக்கனூரிலிருந்தும் ஏலமலைச் சரிவிலுள்ள சிற்றூர்களிலிருந்தும் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வரும் தாய்மாரிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டுக்காரர் சொந்தமா?" "ஆமா, மாமாதான்" என்பதே பெரும்பாலும் விடை. இவ்விடையால் எங்களுக்குப் பயனில்லை. அயலில் மணந்தவர்களும் கணவரை மாமா என்றே அழைப்பது நம் வழக்கம். ஆகவே கேள்வியை மாற்றிக்கொண்டோம். "கல்யாணத்துக்கு முன்னாடி உங்க மாமியாரை என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?" "அத்தை" என்றால் ஒரு கணக்கு. "அம்மாச்சி" என்றால் வேறு கணக்கு. கணவர் அவருடைய தாயின் உடன்பிறந்த தம்பி.

அவ்வாறு விடை கூறிய ஒரு தாயின் இரண்டு வயது மகளைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். குடும்பத்தாரின் இசைவைப் பெற்று, அடையாளம் தரும் விவரங்களை நீக்கியுள்ளோம். தாய், விடியும் முன்னரே ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கச் செல்பவர். குழந்தை இன்னும் பேசத் தொடங்கவில்லை. "கதவைப் படார்னு சாத்தினாலும் திரும்ப மாட்டேங்குறா" என்றார் உடன் வந்த அம்மாச்சி. பரிசோதனையில் இரு செவிகளிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு எனத் தெரிந்தது.

தாய் கேட்ட முதல் கேள்வி, "வயித்துல இருக்கும்போது தோட்டத்துல மருந்து அடிச்சாங்க, அதனாலயா?" என்பது. மருந்தடிக்கும் தோட்டத்திலிருந்து கருவுற்ற பெண்கள் விலகியிருப்பதே நல்லது. ஆயினும் இக்குழந்தையின் மரபணுப் பரிசோதனை காட்டிய காரணம் வேறு.

அதை விளக்கும் முன் ஒன்றைச் சொல்லவேண்டும். தாய்மாமனுக்கும் முதல் மருமகளுக்கும் உள்ள பற்றை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் மரபு. எனவே அக்காளின் முதல் மகள் பெரும்பாலும் மாமன் வாழும் வீட்டிலேயே கண் விழிக்கிறாள். பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அவளே இடுப்பில் சுமக்கும் முதல் குழந்தை. அக்காள் மலையேறிய பின் தொட்டிலை ஆட்டுபவன் அவன்; முடியெடுப்பதும் காது குத்துவதும் அவன் மடியில்; அவள் பெரியவளானால் சீர் கொண்டுவருபவனும் அவனே. மருத்துவமனையில் இரத்தம் தேவை என்றதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதலில் வந்து நிற்பவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் மாமன்தான்.

இந்தப் பற்றிலிருந்தே 'இவள் உனக்குத்தான்' என்ற உரிமையும் முளைக்கிறது. உடன்பிறந்தாள் மகளுக்கும் மகன் மனைவிக்கும் மருமகள் என்ற ஒரே சொல் நம் மொழியில் வழங்குவது தற்செயல் அன்று. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் இவ்வுறவைத் தடுக்கப்பட்ட உறவுகளில் சேர்த்து, வழக்கம் இடம்தரும் சமூகங்களுக்கு மட்டும் விலக்களித்தது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு ஏறத்தாழ 28 பேர் உறவுக்குள் மணந்தவர்கள். அத்தை மகன், மாமன் மகனை மணந்தோரும் இதில் அடங்குவர்.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு படிகளாக உள்ளது. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. பல நோய்களில் ஒரு படி பழுதானால் தீங்கில்லை; மற்றொன்று ஈடு செய்துவிடும். இரண்டும் பழுதானால் மட்டுமே நோய் வெளிப்படும். அத்தை மகனும் மாமன் மகளும் தம் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் என்றால் அது நான்கில் ஒரு பங்கு. ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அந்த அளவுக்கு மிகுதி. பிறவிச் செவிக்குறைபாடு, தலசீமியா, சில வளர்சிதைமாற்ற நோய்கள் ஆகியன இவ்வழியே வரக்கூடும். இவ்வாறு மணந்தோரின் குழந்தைகளில் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர் என்பதும் உண்மை. அந்த நலத்தைக் கண்டே, "எங்க வீட்டுல மூணு தலைமுறையா ஒண்ணும் ஆகலையே" என்கிறார்கள். ஒளிந்திருக்கும் பழுது தலைமுறைகளைத் தாண்டியும் ஒளிந்திருக்கும்.

ஆகவே பெண்ணுக்கும் மாமனுக்கும் இன்னும் மணம் பேசாத வீடுகளில், பேச வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஏற்கெனவே மணந்தவர்களுக்கு நாங்கள் சொல்வது வேறு: அஞ்சாதீர்கள், மறைக்காதீர்கள். கருவுற்றதும் முதல் வருகையிலேயே உறவைச் சொல்லுங்கள். இருவரும் தலசீமியாவுக்கான இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். குழந்தை பிறந்து ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை முடிய வேண்டும். குறை இருப்பின் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். பேச்சுக்கான மூளைப் பகுதி பிற்பாடு காத்திருப்பதில்லை. இக்குழந்தை இரண்டு வயதில் வந்தது எங்களுக்கு வருத்தமே. எனினும் காலம் கடந்துவிடவில்லை. செவித்துணைக் கருவி பொருத்தியுள்ளோம். அது போதாவிடில் காக்ளியர் அறுவை சிகிச்சை உண்டு. ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது.

விளக்கத்தைக் கேட்ட அம்மாச்சி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நான்தான் பிடிவாதமாக் கட்டி வச்சேன்" என்றார். இது எவர் குற்றமும் அன்று என்று அவருக்கு இருமுறை சொன்னோம். ஒரு முறை போதவில்லை.

இப்போது பேச்சுப் பயிற்சிக்குக் குழந்தையை அழைத்து வருபவர் தாயின் தம்பி, ஜீப் ஓட்டுநர். அவருக்கு இவள் முதல் மருமகள். தகரத்தைத் தட்டி, அவள் திரும்புகிறாளா என்று பார்ப்பது அவர் வேலை. மூன்றாம் வாரத்தில் திரும்பினாள். அன்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கருவி மாட்டின பிள்ளைக்குக் காது குத்தலாமா டாக்டர்?" தாராளமாகக் குத்தலாம், குத்துவது மடலின் கீழ்ச் சதையில், குறை இருப்பது உட்செவியில். நாள் குறித்துவிட்டார்கள். மேளச் சத்தம் கருவிக்கு மிகையாகிவிடுமோ என்பது அவருடைய அடுத்த கவலை. அன்றைக்கு மட்டும் ஒலியளவைக் குறைக்கும் முறையைக் காட்டி அனுப்பினோம்.