வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் செய்யும் பொருளுதவி: அளவும் எல்லையும்

சிறு பிள்ளையைப் பேணுதல் பெற்றோரின் கடமை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அப்பிள்ளை வளர்ந்து, கல்வி முடித்து, தன் காலில் நிற்கும் வயதை அடைந்த பின்னர், பெற்றோர் தம் பொருளில் எவ்வளவை அவனுக்கோ அவளுக்கோ கொடுக்கக் கடமைப்பட்டுள்ளனர்? இவ்வினா குருவானவரின் செவிக்கு அடிக்கடி எட்டுவது. பிரசங்க பீடத்தில் அரிதாகவே பேசப்படுவது. குடும்பத்திற்குள்ளேயே தீர்த்துக்கொள்ளட்டும் என விடப்படுவதால், பல வீடுகளில் அது தீராமலே மனக்கசப்பாக முடிகின்றது. திருமறை, நாட்டின் சட்டம், நம் திருச்சபையின் வரலாறு ஆகிய மூன்றின் துணைகொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வினா எழும் சூழல்

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ளது பனவடலிசத்திரம். 2019-ஆம் ஆண்டில் தென்காசி மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டதுமுதல் இவ்வூர் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. மழையை நம்பிய மானாவாரி நிலமும் ஆடுமாடுகளும் இவ்வட்டாரத்தாரின் பழைய வாழ்வுக்கு ஆதாரம். நிலம் எல்லாரையும் தாங்காமையால் இளைஞர் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர். முற்காலத்தில் மகன் தந்தையோடு ஒரே நிலத்தில் உழைத்தான். யார் யாருக்கு உதவினார் எனக் கணக்கிட இடமே இருக்கவில்லை. இன்றோ உதவி பணமாகக் கேட்கப்படுகின்றது, பணமாகவே எண்ணப்படுகின்றது. மேற்படிப்புக் கட்டணம், வெளிநாடு செல்ல முகவருக்குக் கட்டும் தொகை, கடை வைக்க முதல், வீடு கட்ட முன்பணம், கடனை அடைக்கக் கைமாற்று என அது பல வடிவம் கொள்கின்றது.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். ஓய்வு பெற்ற தந்தையிடம் சேமநிதியாகவும் பணிக்கொடையாகவும் 20 இலட்சம் ரூபாய் வந்துள்ளது. முப்பது வயது மகன் தொழில் தொடங்க 12 இலட்சம் கேட்கின்றான். பெற்றோர் இருவரின் மாதச் செலவு 15,000 ரூபாய். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு உயருமாயின் அதே வாழ்க்கைக்குப் பத்தாண்டு கழித்து மாதம் ஏறத்தாழ 27,000 ரூபாயும், இருபதாண்டு கழித்து 48,000 ரூபாயும் வேண்டும். 2003 ஏப்ரல் 1-ஆம் நாளுக்குப் பின் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தோர் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்படவில்லை. பீடி சுற்றியும் தையல் தைத்தும் பிழைத்தவருக்கு அத்தகைய ஓய்வூதியமே இல்லை. எனவே, மகனுக்குக் கொடுக்கும் தொகை பெரும்பாலும் பெற்றோரின் மிச்சத்திலிருந்து வருவதன்று. அவர்கள் முதுமையின் உணவிலிருந்தும் மருந்திலிருந்தும் வருவது. இங்கேதான் அன்பும் நீதியும் ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன.

2. திருமறை காட்டும் வழி

இப்பொருளில் மூன்று பகுதிகள் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. அவற்றைச் சூழமைவோடு வாசித்தல் இன்றியமையாதது.

முதலாவது 2 கொரிந்தியர் 12:14. பெற்றோரே பிள்ளைகளுக்காகச் சேர்த்துவைக்கவேண்டும் என்னும் கருத்து அங்கு வருகின்றது. பவுல் அங்குச் சொத்துரிமை பற்றிய சட்டம் இயற்றவில்லை. தாம் கொரிந்து சபையாருக்குப் பாரமாயிராததை விளக்க, எல்லாரும் அறிந்த குடும்ப வழக்கத்தை உவமையாக்குகின்றார். மேலும், சேர்த்துவைத்தல் என்பது கேட்டபோதெல்லாம் கொடுத்தல் ஆகாது. சேர்த்துவைப்பவர், எப்போது, எதற்காகக் கொடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பையும் உடையவர்.

இரண்டாவது 1 தீமோத்தேயு 5:8. தன் குடும்பத்தாரைப் பேணாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்னும் கடுமையான கருத்தை வைத்துத் தந்தையரைக் குற்றப்படுத்துவாருண்டு. ஆனால் அவ்வதிகாரம் விதவைகளைப் பற்றியது. நான்காம் வசனம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தம் பெற்றோருக்குப் பதில் நன்மை செய்யப் பழகவேண்டும் என்கின்றது. ஆகவே இவ்வதிகாரத்தில் கடமையின் பாரம் முதன்மையாக வளர்ந்த பிள்ளைகளின் தோளிலேயே வைக்கப்பட்டுள்ளது. மாற்கு 7:9-13-இல் கொர்பான் என்னும் காணிக்கையைக் காரணம் காட்டிப் பெற்றோரைக் கைவிட்டோரை ஆண்டவர் கண்டித்ததும் இதனோடு இசைகின்றது.

மூன்றாவது லூக்கா 15-இல் உள்ள இரு குமாரரின் உவமை. இளையவன் தந்தை உயிரோடிருக்கும்போதே பங்கு கேட்டான், தந்தையும் கொடுத்தார். யூத ஞானமரபு இதற்கு நேர்மாறாக எச்சரித்திருந்தது. சீராக் நூல், உயிருள்ளவரையில் தன் உடைமைமேல் பிறருக்கு அதிகாரம் கொடுக்கலாகாது என அறிவுறுத்துகின்றது (33-ஆம் அதிகாரம்). அதை அறிந்த கேட்போருக்குத் தந்தையின் செயல் வியப்பளித்திருக்கும். திரும்பி வந்தவனுக்கு அங்கி, மோதிரம், பாதரட்சை, விருந்து யாவும் கிடைத்தன. மகன் என்னும் நிலை முழுமையாக மீண்டது. எனினும் சொத்து மறுமுறை பங்கிடப்படவில்லை. எஞ்சியவை மூத்தவனுக்கே உரியவை எனத் தந்தை அவனுக்கு உறுதி கூறுகின்றார். மன்னிப்புக்கு அளவில்லை, ஆயினும் ஒருவனை ஏற்றுக்கொள்வதற்காக மற்றவனின் பங்கு எடுக்கப்படவில்லை. கடனில் மூழ்கித் திரும்பும் மகனை வீட்டில் சேர்ப்பதும், மகளுக்குரியதை விற்று அவன் கடனை அடைப்பதும் ஒன்றல்ல என்பதை இவ்வுவமை நினைப்பூட்டுகின்றது.

இவற்றோடு 2 தெசலோனிக்கேயர் 3:10-ஐயும் கருதவேண்டும். அங்குப் பேசப்படுவோர் வேலை செய்ய மனமற்றவர். வேலை செய்ய இயலாதவர் அல்லர். வேலை தேடியும் கிடைக்காதவரையும், நோயாலோ உடற்குறையாலோ தளர்ந்தவரையும் இவ்வசனத்தால் அடிப்பது திருமறையைத் தவறாகக் கையாள்வதாகும்.

ஜான் வெஸ்லி பணத்தைப் பயன்படுத்தும் முறை பற்றி 1760-இல் வெளியிட்ட அருளுரையில் இதே வினாவைத் தொடுகின்றார். பணத்தின் உண்மை மதிப்பை அறிந்து நன்கு பயன்படுத்தும் பிள்ளைக்குப் பெரும்பகுதியை விட்டுச்செல்லலாம். மற்றப் பிள்ளைகளுக்கு அவர்கள் பழகிய வாழ்வுக்குப் போதுமானதே கொடுக்கத்தக்கது என்பது அவர் கருத்து. கொடுப்பதன் அளவைப் பெறுபவரின் விருப்பத்தைக்கொண்டன்றிப் பயன்படுத்தும் தன்மையைக்கொண்டு அவர் அளந்தார்.

3. சட்டத்தின் நிலை

இந்தியச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பிய, உடல்நலமும் மனநலமும் உள்ள மகனைப் பராமரிக்கப் பெற்றோர் பொதுவாகக் கடமைப்பட்டவரல்லர். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, உடல் அல்லது மனக்குறைபாட்டால் தம்மைத் தாமே பராமரிக்க இயலாத வளர்ந்த பிள்ளைகளுக்கு விலக்களித்து (மணமான மகள் நீங்கலாக), அவர்களுக்குப் பராமரிப்புத் தொகை பெற வழிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவும் அவ்வாறே கூறுகின்றது. பெற்றோர் தம்மைப் பராமரித்துக்கொள்ள இயலாராயின் பிள்ளைகளிடம் கேட்கும் உரிமையும் அதே பிரிவில் உண்டு.

அயல்நாடுகளில் நிலை வேறுபடும். ஜெர்மனியில், ஏற்ற தொழிற்கல்வி முடியும்வரை பெற்றோர் தாங்கவேண்டும் என்பது உரிமையியல் சட்டம். இத்தாலியில் வளர்ந்த பிள்ளை பொருளாதாரத் தன்னிறைவு அடையும்வரை பெற்றோர் பொறுப்பு நீடிக்கலாம். எனினும் முப்பது வயதைக் கடந்த இசை ஆசிரியர் ஒருவர் வழக்கில் 2020-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தன் காலில் நிற்க முயலும் கடமை பிள்ளைக்கு உண்டெனத் தெளிவாக்கியது.

தந்தை உயிரோடிருக்கையில் என் பங்கைத் தாரும் எனக் கேட்கும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் பிறப்பினால் வரும் பங்கு என்பதில்லை. உரிமையாளர் விரும்பியவாறு உயில் எழுதலாம். உயிலின்றி ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், எஞ்சிய இரு பங்கு ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். பழைய திருவிதாங்கூரில் 1916-ஆம் ஆண்டுச் சட்டம் மகளின் பங்கை, மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் குறைந்தது எது அது என வரையறுத்திருந்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் அது செல்லாததாகி, 1925-ஆம் ஆண்டுச் சட்டமே அங்கும் பொருந்துவதாயிற்று.

கொடுத்துவிட்டுக் கைவிடப்பட்ட முதியோருக்காக 2007-இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இயற்றப்பட்டது. வருவாய்க் கோட்ட அளவிலுள்ள தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை விதிக்கலாம் என அச்சட்டம் வகுத்தது. அதன் 23-ஆம் பிரிவு, அடிப்படைத் தேவைகளைக் கவனிக்கவேண்டும் என்னும் நிபந்தனையோடு மூத்த குடிமகன் எழுதிக்கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்படின், மீட்க வழிசெய்கின்றது. நிபந்தனை இருந்ததென மெய்ப்பிக்கவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறியது. முதியோரைக் காக்கும் நோக்கோடு இப்பிரிவுக்குப் பொருள்கொள்ளவேண்டும் என 2025-இல் வலியுறுத்தியது. ஆதலின் நிபந்தனையற்ற தான செட்டில்மெண்ட் பத்திரம் எழுதுவோர் இருமுறை சிந்திக்கவேண்டும். உயிலை உயிருள்ளவரை மாற்றலாம். செட்டில்மெண்டை அவ்வாறு எளிதில் மாற்றவியலாது.

பிணைக் கையொப்பமும் ஒருவகைப் பொருளுதவியே. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி பிணையாளியின் பொறுப்பு, மாறான ஒப்பந்தம் இல்லையாயின், கடனாளியின் பொறுப்புக்கு இணையானது. நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரம் பிணைப்படுதலைப் பற்றி அத்துணைக் கவலையோடு பேசுவதன் காரணத்தை இதனால் உணரலாம்.

4. நம் திருச்சபை வரலாற்றில் ஒரு பாடம்

வளர்ந்த பிள்ளைக்கு எதுவரை உதவுவது என்னும் வினாவைத் திருநெல்வேலித் திருச்சபை தன் வரலாற்றிலேயே சந்தித்துள்ளது. அங்குப் பிள்ளையாயிருந்தது திருச்சபையே. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், 1830-இல் தர்ம சங்கம் ஏற்பட வழிசெய்தார். துன்புறுத்தப்பட்ட புதிய கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கி அவர்களைக் குடியமர்த்துதல் அதன் பணிகளுள் ஒன்று. வேரூன்ற இடம் தருதலே அவ்வுதவியின் தன்மை. 1841 முதல் 1872 வரை சி.எம்.எஸ். சங்கத்தின் செயலாளராயிருந்த ஹென்றி வென், இளந்திருச்சபை தன்னைத் தானே தாங்கி, தன்னைத் தானே ஆண்டு, தன்னைத் தானே பரப்பவேண்டும் என்னும் கொள்கையை வகுத்தார். கட்டடம் எழும்பியபின் சாரம் பிரிக்கப்படுவதுபோல, உதவி படிப்படியாக விலகவேண்டும் என்பது அதன் உட்கருத்து. 1903-இல் வே. சா. அசரியாவும் உடன்ஊழியரும் பாளையங்கோட்டையில் தோற்றுவித்த இந்திய மிஷனரி சங்கம், இந்தியரின் பணத்தாலும் ஆட்களாலும் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு நற்செய்தியாளரை அனுப்பியது. பெற்றுவந்த சபை கொடுக்கும் சபையாயிற்று.

உதவி நல்லதா தீயதா என்பதை அறியும் வழி இங்கு விளங்குகின்றது. பெறுபவர் ஒருநாள் பிறருக்குக் கொடுப்பவராக அவ்வுதவி வழிவகுத்ததா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

5. சில அளவுகோல்கள்

மேற்கூறியவற்றிலிருந்து பெற்றோருக்குப் பயன்படும் சில அளவுகோல்களை வகுக்கலாம்.

(அ) முதற்கண் பெற்றோர் தம் முதுமைக்கு வேண்டியதை ஒதுக்கவேண்டும். இது தன்னலமன்று, பின்னாளில் பிள்ளைக்குப் பாரமாகாதிருக்கச் செய்யும் உதவியும் ஆகும். மேற்சொன்ன குடும்பத்தில் 20 இலட்சத்தில் 12 இலட்சம் கொடுப்பது இவ்வளவுகோலின்படி பொருந்தாது. வேறு வருவாய் உண்டாயின் இரண்டோ மூன்றோ இலட்சம் பொருந்தக்கூடும்.

(ஆ) கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் செய்யும் உதவி முன்னிடம் பெறுக. அதற்கும் படிப்பு முடியும் நாள் என்னும் எல்லை உண்டு.

(இ) கொடுப்பது கொடையா கடனா என்பதைக் கொடுக்கும் நாளிலேயே சொல்லுக, கடனாயின் எழுதிக்கொள்க. சொல்லாமல் விடுவதே பின்னாளைய பகையின் விதை.

(ஈ) ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததை மற்றப் பிள்ளைகள் அறியட்டும். மகளுக்கு மணத்தில் கொடுத்தாயிற்று எனக் கூறி அவள் பங்கை மறுப்பது நீதியன்று. வரதட்சணை 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அது மணமகன் வீட்டாருக்குச் சென்ற பொருளேயன்றி மகள் பெற்ற உதவியன்று.

(உ) குடி, சூதாட்டம் ஆகியவற்றால் வந்த கடனைப் பணமாகக் கொடுத்து அடைக்கலாகாது. உணவும் உறைவிடமும் மருத்துவமும் தருக, கைப்பணம் தரவேண்டா. இது கடினமானதே. எனினும் ஒவ்வொரு முறையும் அடைக்கப்படும் கடன் அடுத்த கடனுக்கு வாசலாகின்றது.

(ஊ) உடற்குறையோ தீரா நோயோ உடைய பிள்ளைக்கும், கைவிடப்பட்டுத் திரும்பும் மகளுக்கும் கால எல்லை விதிக்கலாகாது. அவர்களுக்குப் பெற்றோரின் மறைவுக்குப் பின்னும் பாதுகாப்புக் கிடைக்க உயிலில் வழிசெய்தல் வேண்டும்.

6. சேகரத்தின் பணி

இல்லை என்று சொல்லும் தாய்க்கு ஊரார் இடும் பெயர் கல்நெஞ்சக்காரி என்பது. அப்பெயருக்கு அஞ்சியே வீட்டை எழுதிக்கொடுத்தோர் உண்டு. ஆகவே குருவானவர் இப்பொருளைத் திருமண ஆயத்த வகுப்பிலும் ஆண், பெண் ஐக்கியக் கூட்டங்களிலும் வெளிப்படையாகப் போதிக்கவேண்டும். உயில் எழுதுதல் சாவை அழைப்பதன்று என்பதை எடுத்துரைக்கவேண்டும். பத்திரத்தில் கையொப்பமிடுமுன் ஒரு வழக்கறிஞரைக் காணும்படி முதியோரைத் தூண்டவேண்டும். வேலையற்ற இளைஞருக்குத் தொழிற்பயிற்சியும் சிறு கடனுதவியும் கிடைக்கச் சபை துணைநிற்குமாயின், தாயின் நகையே ஒரே வழி என்னும் நிலை மாறும்.

பனை வடலி காய்க்குமுன் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் செல்லும். நட்டவரே பயன்கொள்வார் என்னும் உறுதி இல்லை. வடலி சிறிதாயிருக்கும்போது ஆடு கடிக்காமல் வேலியிட்டுக் காப்பவர், அது மரமானபின் வேலியை எடுத்துவிடுகின்றார். மரத்தின்மேல் அவருக்கு அக்கறை குறைந்தது என்று எவரும் அதனால் எண்ணுவதில்லை.