வீட்டை எழுதிக் கொடுத்த பிறகு

முதியோர் கொடுமை என்றதும் அடி உதைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் பல வீடுகளில் அது சத்தமில்லாமல் நடக்கிறது. உதவித்தொகை விழும் ஏடிஎம் கார்டு மகன் சட்டைப்பையில் இருக்கும். சர்க்கரை மாத்திரை தீர்ந்து ஒரு வாரமாகியிருக்கும். அறுபதைக் கடந்தவர்களில் ஆறு பேரில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதேனும் ஒரு கொடுமைக்கு ஆளாகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் ஊரில் இது பெரும்பாலும் சொத்தோடு பிணைந்தே வருகிறது. "எனக்கப்புறம் உனக்குத்தானே" என்று பிள்ளைக்கு வீட்டை செட்டில்மெண்ட் எழுதிவிடுகிறார்கள். உயிலைச் சாகும்வரை மாற்றி எழுதலாம். செட்டில்மெண்டை நினைத்தபோது மாற்ற முடியாது. எழுதி வாங்கிய பிறகு சோறு போடாமல் விரட்டினால்?

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் 23ஆவது பிரிவின் கீழ் ரத்து செய்யலாம். நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றமோ, அன்பின் பேரில் கொடுத்தாலே கவனிப்பு அதில் அடங்கியதுதான் என்றது. தீர்ப்பை நம்பிக் காத்திருப்பதைவிட, "ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் வைத்துப் பராமரிக்க வேண்டும், தவறினால் பத்திரம் ரத்து" என்று பத்திரத்திலேயே எழுதுவது மேல். பிள்ளை மனம் கோணுமே என்று தயங்குபவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

மனு கொடுக்க வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. எனப்படும் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம். ஜீவனாம்சமாக மாதம் 10,000 ரூபாய் வரை பிள்ளைகள் தர வேண்டும் என்று அங்கே உத்தரவிடலாம்.

ஆனால் அந்தப் படியை மிதிப்பவர்கள் சிலர்தான். "பெத்த பிள்ளை மேல நானே எப்படிம்மா மனு கொடுப்பேன்?" இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை, அக்கம்பக்கத்தாரிடம் இருக்கிறது. கோயிலிலோ ரேஷன் கடையிலோ அந்த முதியவர்களிடம் தனியாகப் பேச வாய்ப்புக் கிடைக்கும்போது, வீட்டில் எப்படி நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதை வைத்து மகனிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். அந்தக் கோபம் அன்றிரவே அவர்கள் மேல் திரும்பும். வீட்டை விட்டு வர மனமில்லாமல், வேளைக்குச் சாப்பாடும் மரியாதையும் கிடைத்தால் போதும் என்பவர்கள் உண்டு. எது வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பத்திர நகலையும் பாஸ்புக்கையும் பத்திரப்படுத்த உதவுங்கள். முதியோர் உதவி எண் 14567. உயிருக்கு ஆபத்தென்றால் 112. அலைய முடியாதவர்கள் ஒப்புதல் தந்தால், அவர்கள் சார்பில் நீங்களே அந்த மனுவைக் கொடுக்கலாம்.