முதலெழுத்தும் குடும்பப்பெயரும்

நம் நாட்டிலே அலுவலகப் படிவமொன்றை நிரப்புவோர் 'முழுப்பெயர்' என்றும் 'முதலெழுத்துக்களுடன் பெயர்' என்றும் இரு வினாக்களைக் காண்பர். இரண்டிற்கும் விடையளித்தல் நமக்கு எளிது. கடல் கடந்து சென்றவர்க்கோ அங்குள்ள படிவம் வேறொரு வினாவை விடுக்கின்றது: 'உமது குடும்பப்பெயர் யாது?' இவ்வினாவுக்கு நம்மவரிடம் நேரான விடை இல்லை. ஆயினும் கட்டத்தை வெறுமையாக விடவியலாதாகையால் தந்தையின் பெயரை அதனுள் எழுதிவிடுகின்றனர். அச்சிறு செயலின் பயன் இரண்டு மூன்று தலைமுறைக்குப் பின்னரே முற்றாக வெளிப்படும். அப்பயன் எத்தகையதென முன்கூட்டியே அறிய விரும்புவோர்க்கு ஐரோப்பாவின் வடபாலுள்ள சுவீடன் நாடு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். நம்முடைய வழக்கத்தையொத்த வழக்கத்தை அந்நாட்டவர் நெடுங்காலம் கைக்கொண்டிருந்து, பின்னர் அதனை இழந்தனர்.

முன்னாளிற் சுவீடனின் பொதுமக்களுட் பெரும்பாலோர்க்குக் குடும்பப்பெயர் என்பதே கிடையாது. அண்டர்ஸ் என்பானுக்குப் பிறந்த மகனுக்குக் கார்ல் எனப் பெயரிட்டால், அவன் 'கார்ல் அண்டர்ஸன்' என வழங்கப்படுவான். 'ஸன்' என்பது மகன் எனப் பொருள்படும். அக்கார்லுக்கு நில்ஸ் என்றொரு மகன் பிறந்தால் அவன் 'நில்ஸ் கார்ல்ஸன்' ஆவான். இவ்வாறு தலைமுறைதோறும் இரண்டாம் பெயர் மாறிக்கொண்டே செல்லும். பெண்பாலார்க்கு 'டொட்டர்', அதாவது மகள், என்னுஞ் சொல் சேர்க்கப்படும். கார்லின் உடன்பிறந்தாள் அன்னா, 'அன்னா அண்டர்ஸ்டொட்டர்' ஆவாள். திருமணத்தின் பின்னரும் அவள் அப்பெயரையே தாங்கினாள். மணஞ்செய்தமையால் ஒருத்தி தன் தந்தையின் மகளல்லாது போய்விடுவாளோ என அவர்கள் கருதினர் போலும்.

இம்முறை நமக்குப் புதிதன்று. சங்கப் புலவருள் ஒருவரை 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' எனவே ஏடுகள் குறிக்கின்றன. ஊர், தந்தையின் தொழில், மகன் என்னும் முறை, இயற்பெயர் ஆகிய நான்கும் அத்தொடரிலே முறையாக அமைந்துள்ளன. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியலிலே, தந்தை பெயரும் மகன் பெயரும் புணருமிடத்து எழுத்துக்கள் அடையும் மாற்றத்துக்கு விதி வகுத்துள்ளார். கொற்றன் மகனாகிய கொற்றனைக் 'கொற்றங்கொற்றன்' என்றும், சாத்தன் மகனாகிய கொற்றனைச் 'சாத்தங்கொற்றன்' என்றும் உரையாசிரியர்கள் உதாரணங் காட்டுவர். இலக்கணம் விதி செய்யுமளவிற்கு அவ்வழக்கு அன்று பரவியிருந்தது. இன்று நாம் எழுதும் முதலெழுத்து, அந்தச் சாத்தனின் சுருக்கமே.

ஈழநாட்டிலே இதற்குத் தெளிவான சான்று பொன்னம்பலம் குடும்பமாகும். அருணாசலம் என்பாரின் மகன் பொன்னம்பலம். பொன்னம்பலத்தின் மைந்தர்கள் சேர் பொன்னம்பலம் இராமநாதன் (1851–1930), சேர் பொன்னம்பலம் அருணாசலம் (1853–1924) ஆகியோர். இளையவரின் மகன் சேர் அருணாசலம் மகாதேவா. தந்தைவழிப் பாட்டனின் பெயர் பேரனுக்கு இயற்பெயராய் மீண்டும் வந்தமையை நோக்குக. பேரன் என்னுஞ் சொல்லே பெயரன் என்பதன் திரிபெனக் கூறுவர். நிலையான குடும்பப்பெயர் இல்லாமலே நம் முன்னோர் வழிமரபை நினைவிற் காத்த முறை இதுவாகும்.

சுவீடியர் முறைக்கும் நம் முறைக்கும் வேற்றுமை ஒன்றுண்டு. அவர்கள் தந்தையின் பெயரை இயற்பெயர்க்குப் பின்னே வைத்து, 'மகன்' அல்லது 'மகள்' என்னுஞ் சொல்லையும் சேர்த்தனர். நாமோ தந்தையை முன்னே நிறுத்தி முறைச்சொல்லைத் தொக்கு நிற்க விட்டோம். அச்சொல் வெளிப்படாமையாற்றான் அயலார் நம் பெயர்களிற் குழப்பமடைகின்றனர். தந்தையின் பெயரை மகனின் பெயரென எண்ணி அழைத்தலும், மகனின் இயற்பெயரைக் குடும்பப்பெயரெனப் பதிதலும் இதனால் நேர்கின்றன.

இனி, சுவீடனில் நிலையான குடும்பப்பெயர்கள் எவ்வாறு தோன்றின எனப் பார்ப்போம். அவற்றுட் பல, படித்தோரிடமும் படைவீரரிடமும் நகரத்தாரிடமுமே முதலிற் பரவின.

படித்தோர் தம் பெயரை இலத்தீன் மொழியின் சாயலில் அமைத்துக்கொண்டனர். தாவரங்களுக்கு இருபெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயசின் (1707–1778) தந்தை, நில்ஸ் இங்கெமார்ஸன் எனப் பிறந்தவர். பல்கலைக்கழகம் புகுந்தபோது, தம் குடும்ப நிலத்தில் நின்ற பெரியதொரு லிண்டன் மரத்தை நினைந்து 'லின்னேயஸ்' என்னும் பெயரை மேற்கொண்டார். உலகின் செடிகொடிகட்கெல்லாம் பெயர் வகுத்தவரின் பெயரே ஒரு மரத்தின் பெயராய் அமைந்தது. வெப்பமானி அளவை 1742 இல் முன்மொழிந்த செல்சியசின் குடும்பப்பெயர், முன்னோர் வாழ்ந்த குருமனையின் பெயரினின்றும் வந்தது. மேடு எனப் பொருள்படும் அப்பெயரை, உயர்ந்தது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் மாற்றிக்கொண்டனர். நோபெல் என்னும் பெயரும் தென்சுவீடனிலுள்ள நொப்பெலொவ் என்னும் ஊரின் பெயர் 'நொபெலியஸ்' ஆகிப் பின் குறுகியதேயாம். இத்தகைய ஆக்கம் நம்மிடத்தும் உண்டு. வயாவிளானைச் சேர்ந்த ஆசுகவி வேலுப்பிள்ளை, வீட்டருகே இருந்த கல்லாற் 'கல்லடி வேலுப்பிள்ளை' எனப்பட்டார். 'பண்டாரவன்னியன்' நாடகத்தை எழுதிய நம் வன்னிமண்ணின் எழுத்தாளர் சுப்பிரமணியம், தம் மாவட்டத்தின் முல்லையையும் தம் பெயரின் மணியையும் இணைத்து 'முல்லைமணி' ஆனார்.

படைவீரர் பெயர்கள் வேறொரு தேவையாற் பிறந்தன. ஒரே படைப்பிரிவில் அண்டர்ஸ் அண்டர்ஸன் பலர் இருப்பின், கட்டளையிடும் அதிகாரி யாரை அழைப்பது? ஆகவே 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலாக, ஊர்கள்தோறும் வீரரை அமர்த்தும் முறை ஏற்பட்டபோது, ஒவ்வொருவனுக்கும் ஓரசை ஈரசைப் பெயரொன்று வழங்கினர். 'ராஸ்க்' என்பது விரைவுடையான், 'மோடிக்' அஞ்சாதவன், 'ஸ்வேர்ட்' வாள், 'ஹூல்ட்' எனவொலிக்கும் பெயர் கேடயம். அவ்வீரரின் மக்கள் சிலர் அப்பெயர்களையே வழிவழியாகக் கொண்டனர்.

நகரங்களில் வாழ்ந்த வணிகரும் கைவினைஞரும் இயற்கைப் பொருள்கள் இரண்டினை இணைத்துப் பெயர் புனைந்தனர். லிண்டன் மரத்தையும் ஓடையையும் சேர்த்து 'லிண்ட்ஸ்ட்ரோம்'; மலையையும் ஓடையையும் சேர்த்து 'பெர்க்ஸ்ட்ரோம்'; லிண்டன் மரத்தையும் கிளையையும் சேர்த்து 'லிண்ட்கிரேன்'; பேர்ச் மரத்தையும் சோலையையும் சேர்த்து 'பியோர்க்லுண்ட்'. இப்பெயர்களைக் கேட்கும் வன்னியார் ஒருவர்க்கு இவை அயன்மையாய்த் தோன்றா. மருதமும் ஓடையும் சேர்ந்து மருதோடை. நொச்சியும் மோட்டையும் சேர்ந்து நொச்சிமோட்டை. பூவரசங்குளம், புளியங்குளம், மாங்குளம், ஈச்சங்குளம் என மரமும் நீரும் இணைந்த ஊர்கள் நம்மிடம் எத்தனை! கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் செடியும் கொடியும் தலைநகர்ப் பெயர்களாகவே விளங்குகின்றன. சுவீடியர் பலர் அழகு கருதி இணைத்தனரேயன்றி, அப்பெயர்க்கேற்ற ஓர் ஓடை இருத்தல் வேண்டுமென நினைத்தாரல்லர். நம் ஊர்ப்பெயர்களோ மரத்தையும் நீரையும் கண்ணாற் கண்டு இட்டவை. அவர்கள் மனிதனுக்குச் சூட்டியதை நாம் மண்ணுக்குச் சூட்டினோம்.

19 ஆம் நூற்றாண்டிலே மக்கள் நாட்டுப்புறத்தினின்றும் நகரங்களுக்குப் பெயரலாயினர். ஊரிலே தந்தையை அறிந்தவர் சூழ வாழ்ந்தபோது பயன்பட்ட பெயர்முறை, அயலார் நடுவிலும் பதிவேடுகளிலும் இடர்ப்பாடாயிற்று. பலர் தந்தை பெயரையே மாற்றாது தம் மக்களுக்கும் வழங்கத் தொடங்கினர். 1901 ஆம் ஆண்டிற் பிறந்த சட்டம் குடும்பப்பெயரை நிலையானதாக்கிற்று. அன்றிருந்த அண்டர்ஸனின் மகன், தன் தந்தை பெயர் கார்லாயினும் லார்ஸாயினும், அண்டர்ஸனாகவே நின்றான். ஓடிய நீர் பனிக்கட்டியாய் உறைந்தாற்போல அப்பெயர் உறைந்தது. இன்று சுவீடனில் அண்டர்ஸன் என்னும் பெயருடையார் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுட் பெரும்பாலோர்க்குத் தம் குலத்தின் முதல் அண்டர்ஸ் எவ்வூரில் எத்தொழில் செய்து வாழ்ந்தானென்பது நினைவிலில்லை. பெண்களும் 'ஸன்' எனும் ஈற்றைத் தாங்கி 'மகன்' ஆயினர். அதே 1901 ஆம் ஆண்டில் இலங்கையின் குடிசன மதிப்பை நடாத்தியவர் நாம் மேலே கண்ட பொன்னம்பலம் அருணாசலம் ஆவார். அவருடைய நாட்டிலோ அவ்வழக்கு உறையாது ஓடிக்கொண்டிருந்தது.

எனினும் அவருடைய தாய்வழியுறவிலேயே ஒரு பெயர் அதற்கு முன்னர் உறைந்துவிட்டது. அவர் தாய்மாமனார் சேர் முத்துக்குமாரசுவாமி, குமாரசுவாமி முதலியாரின் மகன். ஆங்கிலேயர் முறைப்படி தம் பெயரைப் பின்னே தந்தை பெயர் வர எழுதினார். அவர்க்கும் ஆங்கிலேய மனைவியார்க்கும் பிறந்த கலைஞானி ஆனந்த குமாரசுவாமி (1877–1947) தாங்கியிருந்தது தந்தையின் பெயரன்று, பாட்டனின் பெயர். வேறொரு வகையும் உண்டு. சுவீடனின் தலைநகரிலே நோபெல் பரிசு பெற்ற தமிழர் இருவரை நோக்குவோம். 1930 இற் பரிசு பெற்ற இராமனின் பெயர்முன் நிற்கும் சந்திரசேகரர் அவர் தந்தை. 1983 இற் பெற்ற சந்திரசேகரின் பெயர்முன் நிற்கும் சுப்பிரமணியன் அவர் தந்தை. உலகம் 'இராமன் விளைவு' என்றும் 'சந்திரசேகர் எல்லை' என்றும் அவர்களுடைய சொந்தப் பெயராலேயே அழைக்கின்றது. இறுதியில் நிற்பது குடும்பப்பெயரென மேனாட்டார் கொண்ட எண்ணத்தால் வந்த நன்மை அது.

இன்று சுவீடன், நோர்வே, கனடா முதலிய நாடுகளில் நம்மவர் வாழும் வீடுகளிலே, 1901 இற் சுவீடியர்க்கு நேர்ந்தது நேர்ந்துகொண்டிருக்கின்றது. முதலிற் சென்றவர் தம் தந்தை பெயரைக் குடும்பப்பெயராக்கினார். அவர் மக்கள் அதனையே பெற்றனர், பேரப்பிள்ளைகளும் பெறுகின்றனர். வன்னியில் ஏர்பிடித்த கந்தையா ஒருவர், பனிநாட்டுப் பள்ளியில் ஒரு சிறுமியின் குடும்பப்பெயராகிவிட்டார். அவள் அதனை உரோமன் எழுத்திலேதான் எழுதுகின்றாள். நீண்ட பெயராயின் பாதியாக வெட்டியும் வழங்குகின்றாள். இதிற் குற்றங் கூறுதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் அக்கந்தையா யார் என அவளுக்குச் சொல்வார் வேண்டுமன்றோ?

உறைதல் தவிர்க்கவியலாததென்றும் எண்ணற்க. ஐசுலாந்து மக்கள் இன்றும் தந்தை பெயர் முறையையே கைக்கொள்கின்றனர். 1980 முதல் 1996 வரை அந்நாட்டின் சனாதிபதியாக விளங்கிய விக்டிஸ் அம்மையாரின் இரண்டாம் பெயர் 'ஃபின்பொகியின் மகள்' என்று பொருள்படும். மக்கள் அவரை விக்டிஸ் என்றே அழைத்தனர். சுவீடனில் 2017 இல் நடைமுறைக்கு வந்த பெயர்ச்சட்டமும், தந்தையின் பெயரோடோ தாயின் பெயரோடோ 'மகன்', 'மகள்' என்னுஞ் சொற்களைச் சேர்த்துக் குடும்பப்பெயராகக் கொள்ள இடமளிக்கின்றது. இழந்ததை அவர்கள் சட்டத்தால் மீட்டுக்கொள்கின்றனர்.

நம் பெயர்முறையிற் காத்தற்குரியன பல உள. ஒன்று, அது சாதியை உரைப்பதில்லை. தமிழகத்திலே 1929 இற் செங்கல்பட்டில் நடைபெற்ற சுயமரியாதை மாநாடு பெயரின் பின்வரும் சாதிப்பட்டங்களை விடுமாறு தீர்மானித்தது. தந்தையின் முதலெழுத்து மட்டும் நிற்றல் அந்நோக்கத்துக்கு உதவிற்று. மற்றொன்று, பெயர்கள் வழிபாட்டையும் நேர்த்தியையும் காட்டுவன. புளியம்பொக்கணை நாகதம்பிரானை வழிபடும் குடியிலே நாகமணியும் நாகேந்திரமும் நாகம்மாவும் தோன்றுவர். முறிகண்டிப் பிள்ளையாரை வணங்குவோரிடையே கணபதிப்பிள்ளையும் விநாயகமூர்த்தியும் தோன்றுவர். 'நா' என்றும் 'க' என்றும் சுருங்கிய முதலெழுத்தில் இச்செய்தி முழுவதும் ஒடுங்கிக் கிடக்கின்றது.

வன்னியிலே இக்காப்பு ஒரு மொழிநயம் மட்டுமன்று. 2009 இல் முடிவுற்ற போரிலே இடம் விட்டிடம் பெயர்ந்தோர் பலர் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, காணிப்பத்திரம் ஆகியவற்றை இழந்தனர். மறுபடி பெறச் சென்றவர்கள் தந்தையின் முழுப்பெயரை எழுத்துப் பிழையின்றிக் கூற வேண்டியவராயினர். பாட்டனின் பெயரில் உள்ள காணிக்கு உரிமை காட்டுவோர்க்கும் அதுவே நிலை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 முதல் ஏந்தி நின்ற படங்களின் கீழே பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. ஒரே இயற்பெயரும் ஒரே முதலெழுத்தும் உடையார் ஒருவர்க்கு மேற்பட்டு இருத்தல் கூடும். இன்னார் மகன், இன்ன ஊரான் என்னும் முழுத்தொடரே ஒருவனை ஏனையோரினின்றும் பிரித்துக் காட்டும். கணக்காயனார் மகனார் என ஏடெழுதியோர் கொண்ட நுட்பம் இங்கே உயிர்நிலையாகின்றது.

ஆதலின் நாம் செய்யத்தக்கது எளியது. மாணவர்கள் தம் முதலெழுத்தை விரித்துத் தந்தை, பாட்டன், பூட்டன் ஆகியோர் பெயர்களையும், தாய், பாட்டிமார் பெயர்களையும், அவரவர் ஊரையும் தமிழெழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்தல் வேண்டும். பெண்வழிப் பெயர்கள் முதலெழுத்திற் கூட இடம்பெறாமையின் விரைவில் மறைவன. அவற்றை முதலில் வினவி எழுதுக. பழைய மாணவர்கள், சிறப்பாகக் கடல் கடந்து வாழ்வோர், தம் மக்களுக்கு அக்குடும்பப்பெயரின் உரியவர் யார், அவர் எக்குளத்து நீரில் வயல் விளைத்தார், அப்பெயரின் பொருள் யாது என்பவற்றைச் சொல்லி வைப்பாராக. நம் பழைய மாணவர் சங்கமும் தன் உறுப்பினர் இடாப்பிலே முதலெழுத்தோடு அமையாது, தந்தையின் முழுப்பெயரையும் ஊரையும் பதியுமாயின், பின்வருவோர்க்கு அது சிறந்த கொடையாகும். சுவீடனின் அண்டர்ஸன்மார்க்குத் தம் முதல் அண்டர்ஸை அறிய விருப்பம் எழும்போது பழைய தேவாலயப் பதிவேடுகள் துணைநிற்கின்றன. நம் கந்தையாமார்க்கு அத்தகைய ஏட்டை நாமே எழுதுதல் வேண்டும்; கேட்டறிதற்குரிய முதியோர் இன்னும் நம்மிடையே உளர்.