பி.எஸ்.கிருஷ்ணனும் பிரிவு 4-உம்

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தைச் சமூகநீதி இயக்கங்கள் வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் வைத்துள்ளன. 2003 ஜூலையில், அதன் அருகிலுள்ள புதுக்கூரைப்பேட்டையில், சாதி மறுத்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட இணையர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டனர். உள்ளூர்க் காவல்துறையோ, கொல்லப்பட்ட தலித் இளைஞரின் உறவினர்களையும் குற்றவாளிகளாகச் சேர்த்தது. பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்த அவ்வழக்கில், 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் கொலையாளிகளோடு அன்றைய காவல் ஆய்வாளரையும் உதவி ஆய்வாளரையும் தண்டித்தது. காவல் அதிகாரிகள் இருவரும் குற்றவாளிகளே என்பதை 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது.

காவல் அதிகாரிகளையும் கூண்டிலேற்ற உதவிய சட்டங்களுள் ஒன்று 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அதன் உருவாக்கத்தில் பெரும்பங்காற்றியவர் பி.எஸ்.கிருஷ்ணன் என்னும் அரசு அதிகாரி.

1932இல் திருவனந்தபுரத்தில் பிறந்த கிருஷ்ணன், பட்டியல் சாதியினர் அல்லர். 1956இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து ஆந்திரத்தில் பணியாற்றினார். முகாம் செல்லும் அதிகாரிகள் ஊர்ப் பெரியவர்களின் விருந்தினராகத் தங்கிய காலத்தில், அவர் தம் முகாமைச் சேரிகளில் அமைத்தார். நிலமற்றோருக்கு நிலம் வழங்கினார். அதற்குக் கிடைத்த பரிசு, பணிக்குறிப்பேட்டில் எதிர்மறைப் பதிவு. தாழ்த்தப்பட்டோர்பால் மிகையான சார்பு, சாதிமறுப்புத் திருமணங்களுக்கு ஆதரவு, கிராம அலுவலர்களைவிட மக்களின் சொல்லை நம்புதல் ஆகியவை அவர்மீது சுமத்தப்பட்ட குறைகள். அரசமைப்புச் சட்டம் கேட்டதைச் செய்தவரை, அரசு இயந்திரம் ஒழுங்கு மீறியவராகக் கண்டது.

ஓர் அதிகாரியின் நல்லெண்ணம் அவருடைய இடமாறுதலோடு முடிந்துவிடும் என்பதை அந்த அனுபவம் காட்டுகிறது. அவருடைய பிற்காலப் பணிகள் அனைத்தும் நல்லெண்ணத்தை விதியாக மாற்றும் முயற்சிகளே. மத்திய உள்துறையில் இணைச் செயலாளராக இருந்தபோது, மக்கள்தொகை விகிதத்திற்கேற்பத் திட்ட நிதியை ஒதுக்கும் சிறப்புக் கூறுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1990இல் நலத்துறைச் செயலாளராக மண்டல் குழுப் பரிந்துரையைச் செயல்படுத்துவதில் முன்னின்றார். ஓய்வுக்குப் பின்னரும், 2019 நவம்பரில் மறையும்வரை, சட்டங்களை வலுப்படுத்த உழைத்தார்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 4, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அக்கடமைகளைப் பட்டியலிட்டது: வாய்மொழிப் புகாரை எழுதிப் படித்துக்காட்டிய பின்னரே கையொப்பம் பெறுதல், முதல் தகவல் அறிக்கை பதிந்து நகல் தருதல், 60 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தல். ஆயினும் ஒரு தடை உண்டு. நிர்வாக விசாரணையின் பரிந்துரை இருந்தால்தான் இப்பிரிவின்கீழ் குற்றச்சாட்டைப் பதிய இயலும். தவறிழைத்தவரின் துறையினரே கதவைத் திறக்க வேண்டும் என்பதே இதன் பொருள். மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினரல்லாத ஊழியர்களுக்கே இது பொருந்தும்.

புதுக்கூரைப்பேட்டை வழக்கில் முதல் தீர்ப்புக்கே 18 ஆண்டுகள் பிடித்தன. எனவே, காவல் நிலையத்துக்குத் துணையாகச் செல்லும் செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் பிரிவு 4-ஐ மனத்தில் இருத்த வேண்டும். புகாரின் நகலைக் கேட்டுப் பெற வேண்டும். மறுக்கப்பட்டால் நாள், நேரம், அதிகாரியின் பெயர் ஆகியவற்றை எழுதிவைத்து, உயரதிகாரிக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும். கிருஷ்ணனைப் போன்ற அதிகாரி ஊருக்கு ஒருவர் வாய்க்கமாட்டார். அவர் இல்லாத இடத்தில் அச்சட்டத்தை இயங்கவைப்பது நம் பொறுப்பு.