மூளைச் சிரையில் உறையும் இரத்தம்

பிள்ளை பெற்ற பத்தாம் நாள் தலை பிளக்கிறது என்று மகள் அழுதால், 'பச்சை உடம்பு, காற்று பட்டிருக்கும்' என்று நாஞ்சில் நாட்டு வீட்டிலும் சொல்லக்கூடும். வாசகர்களே, மூளையின் சிரையில் இரத்தம் உறைந்தும் இருக்கலாம்! வடிகால் அடைபட, இரத்தம் தேங்கி வாந்தி, வலிப்பு, கைகால் தளர்ச்சி தொடரும். பேறுகாலத்தில் இரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடும்; தண்ணீரையும் குறைத்தால் கேட்பானேன்? மதுரை மருத்துவர் கே. சீனிவாசன், பேறுகாலத்தையொட்டி மூளை இரத்தக் குழாய்களில் அடைப்பு கண்ட 135 பேரைப் பற்றி 1983-இல் எழுதினார்.

மருந்து ஹெப்பாரின் ஊசி. அது கட்டியைக் கரைப்பதில்லை. வளரவிடாமல் தடுக்கும், கரைக்கும் வேலையை உடலே செய்யும். மூளையில் இரத்தக்கசிவும் இருந்தால் கொடுக்கலாமா என மருத்துவர்கள் தயங்கினர். 1991-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் ஊசி பெற்ற 10 பேரும் பிழைத்தனர். பெறாத 10 பேரில் 3 பேர் இறந்தனர். பின்பு சில மாதங்கள் வார்ஃபரின் மாத்திரை. தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை.